மிளாவின் தொண்டையில் நின்ற சொல்

அந்தக் காலத்தில் மிளாவும் மனிதனும் ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மிளா என்றால் கடமான். மலையில் திரியும் மான்களிலேயே பெரியது, ஒரு காளையின் உயரம் நிற்கும். மிளா மட்டும் இல்லை, பன்றி, முயல், மந்தி எல்லாமே பேசின. பேசத் தெரிந்த உயிரைக் கொன்று தின்ன எப்படி மனம் வந்தது என்று இப்போது நமக்குத் தோன்றும். அப்போதும் தோன்றியிருக்கிறது. அதனால்தான் வேட்டைக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள்.

அம்பு பட்ட விலங்கு ஓடும். வேட்டைக்காரன் அதன் பின்னால் ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். துரத்தாவிட்டால் அது பக்கத்திலேயே எங்காவது படுத்துவிடும். படுத்த பிறகு மெல்லப் போய், தலைமாட்டில் உட்கார்ந்து, அதன் வாயருகே காதைக் கொடுக்க வேண்டும். அது தன் கடைசிச் சொல்லைச் சொல்லும். அந்தச் சொல் யாருக்கோ அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது கொன்றவனின் கடமை. கேட்டு முடித்த பிறகுதான் கத்தியை எடுக்கலாம். வீட்டிலும் கறியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் பெண்கள், "என்ன சொல்லிச்சு?" என்று கேட்பார்கள். பதில் வந்தால்தான் அடுப்பு பற்றும்.

எல்லாம் நெஞ்சை உருக்குகிற சொல்லாகத்தான் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கிழட்டுப் பன்றி தன் அண்ணனுக்கு வாயில் சொல்லக் கூடாத வசவு ஒன்றைச் சொல்லியனுப்பிவிட்டுக் கண்ணை மூடியது. அதையும் ஒரு எழுத்துக் குறையாமல் கொண்டுபோய்ச் சொன்னார்கள். அண்ணன் பன்றி கேட்டுவிட்டு, "அவன் எப்பவுமே அப்படித்தான்" என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுததாம்.

அந்த மலையில் ஈச்சன் என்று ஒருவன் இருந்தான். மீசை நரைக்கும் வயதுவரை வில்லைக் கையால் தொட்டதில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தினை விதைப்பதும் களை கொத்துவதும்தான். அவன் மனைவி மாதியின் தம்பி பரப்பன் நல்ல வேட்டைக்காரன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பரப்பன் வேட்டையாடுவான், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஈச்சன் விதைப்பான். அப்படியே காலம் ஓடிவிட்டது.

ஒரு வருடம் மலையெங்கும் மூங்கில் பூத்தது. மூங்கில் அரிசி கொட்டியது, அதைத் தின்று எலி பெருகியது. அரிசி தீர்ந்ததும் எலிக்கூட்டம் ஈச்சனின் தினைக்காட்டில் இறங்கி, ஒரு கதிர் மிச்சமில்லாமல் தின்று தீர்த்தது. அதே சமயத்தில் தேன் எடுக்கப் போன பரப்பன் பாறையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். மாதிக்கோ அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. வெகுகாலம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. வெறும் கிழங்கையும் கீரையையும் தின்று மாதிக்குப் பால் வற்றிப்போனது. குழந்தை அழத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை.

பரப்பன் பாயில் படுத்தபடியே சொன்னான். "அத்தான், இனிமே நீங்கதான் போகணும். அக்காவுக்குக் கறிச்சாறு இறங்கினாத்தான் பால் ஊறும்."

"இந்த வயசுலயா? என் கை மண்ணுக்குப் பழகின கைடா பரப்பா."

"பழகலாம். வில்லை எடுங்க."

ஈச்சன் எடுத்தான். நாணை இழுத்து விட்டபோது அது திரும்பி வந்து அவன் முன்கையிலேயே சுளீரென்று அடித்தது. கை புடலங்காய் மாதிரி வீங்கிவிட்டது. பரப்பனுக்கு வலியிலும் சிரிப்பு வந்தது. முற்றத்தில் ஒரு வாழைத்தண்டை நட்டு வைத்து, அதில் அம்பு தைக்கும்வரை எய்யச் சொன்னான். தைப்பதற்குள் பக்கத்து வீட்டுச் சுரைக்காய் இரண்டு பலியாகின.

நடை இன்னும் மோசம். "நீங்க நடக்கிறது பக்கத்து மலைக்குக் கேக்குது அத்தான். களைக்கொத்து பிடிச்சவன் நடை இது. குதிகால மொதல்ல ஊனாதீங்க. பாதத்தோட வெளி ஓரத்த வச்சு, சுள்ளி கிள்ளி கிடக்கான்னு பாத்துட்டு அப்புறம் பாரத்தைப் போடுங்க. காத்து உங்க மூஞ்சியில அடிக்கிற மாதிரியே போங்க."

எல்லாவற்றையும் ஈச்சன் கேட்டுக்கொண்டான். முடிவில் பரப்பன் விலங்கின் கடைசிச் சொல்லைக் கேட்கும் முறையைச் சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது.

"அது அழுமா?" என்று கேட்டான்.

"சிலது அழும், சிலது வையும். நீங்க பதில் பேசாதீங்க. காதை மட்டும் கொடுங்க."

"எனக்கு அது முடியுமான்னு தெரியல."

"எனக்கும் மொதல்ல முடியல. ஆனா அதைக் கேக்காதவன் கறியத் தொடக் கூடாது அத்தான்."

ஈச்சன் காட்டுக்குப் போனான். போனதும் மரத்து மேலிருந்த மந்திகள் குதூகலமாகிவிட்டன. "ஈச்சன் வாரான், ஈச்சன் வாரான்! தினை விதைக்க எடம் பாக்க வாரானாக்கும்!" என்று ஒன்று கத்தியது. "களைக்கொத்த எங்கய்யா காணோம்?" என்றது இன்னொன்று. மலை முழுக்கச் சிரித்தது. முயல்கூட அவசரமில்லாமல் எழுந்து போனது. அன்று வெறுங்கையோடு வந்தான். மறுநாளும் அப்படித்தான். எத்தனையோ விடியல் அப்படியே போனது. ஆனால் நாளாக நாளாக அவன் காலடி அடங்கியது. ஒரு நாள் மந்திகளுக்குக் கீழேயே நடந்து போனான், அவை தலையைத் தூக்கவில்லை.

அன்று காலை கிளம்பும்போது மாதி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கு நீ ஒண்ணும் கொண்டு வரலைன்னா, இவ நாளைக்கு இருக்க மாட்டா" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஈச்சனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஓடைக்கரையில் ஓர் உவர்மண் திட்டு உண்டு. விலங்குகள் மண் நக்க வரும் இடம். காற்று முகத்தில் படும்படி ஒரு பாறைக்குப் பின்னால் ஈச்சன் ஒதுங்கினான். பனி விலகும் நேரத்தில் ஒரு மிளா தனியாக வந்தது. இலைகளுக்கு நடுவே அதன் காதும் தோளும் மட்டும் தெரிந்தன. ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை. மூச்சை அடக்கி அம்பை விட்டான். தோளுக்குப் பின்னால் தைத்தது. மிளா ஒரு துள்ளு துள்ளி ஓடியது.

துரத்த வேண்டும் என்று உடம்பெல்லாம் பரபரத்தது. ஆனாலும் உட்கார்ந்தான். பனி முழுக்க விலகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். பிறகு இரத்தத் துளியைப் பார்த்துப் பார்த்து நடந்தான். கொஞ்ச தூரத்திலேயே அது படுத்திருந்தது. பெண் மிளா.

"வந்துட்டியா?" என்றது. "கிட்ட வா. காதைக் கொடு."

ஈச்சன் மண்டியிட்டான். அதன் மூச்சு அவன் கன்னத்தில் சூடாகப் பட்டது.

"நான் விட்டுட்டு வந்திருக்கேன்..." என்று தொடங்கியது. இரத்தம் வந்து அடைத்தது. விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தது.

ஈச்சனுக்கு அப்போது ஒன்று தோன்றியது. இதைக் கேட்டுவிட்டால் தன்னால் கத்தியை எடுக்க முடியாது. கத்தியை எடுக்காவிட்டால் குழந்தை பிழைக்காது. அந்த எண்ணம் வந்ததும் அவன் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அதன் தொண்டையில் வைத்து அழுத்தினான்.

"போதும் தாயி, போதும். செரமப்படாம போயிரு" என்றான்.

மிளா கால்களை உதைத்தது. அவன் கைக்குக் கீழே அந்தச் சொல் குஞ்சுப் பறவை மாதிரி முட்டி முட்டித் துடித்தது. அவன் கையை எடுக்கவில்லை. அதன் கண் அவனையே பார்த்தபடி நின்றுபோனது. தான் செய்ததை இரக்கம் என்று அவன் நினைத்துக்கொண்டான். என்னைக் கேட்டால் அதற்குப் பயம் என்று பெயர்.

கறியைச் சுமந்துகொண்டு அவன் வீடு வந்தபோது பரப்பன் பாயிலிருந்தே கையைத் தட்டினான். "அத்தான் வேட்டைக்காரன் ஆயிட்டாரு!" என்று கத்தினான். மாதி அடுப்பில் விறகை அடுக்கிவிட்டு, முறைப்படி கேட்டாள்.

"என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல" என்றான் ஈச்சன். "நான் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

மாதி அவன் முகத்தைப் பார்த்தாள். கறியைக் கழுவ உட்கார்ந்தாள். மடிப்பகுதியைத் தூக்கியபோது அவள் விரல்களில் வெள்ளையாக ஏதோ வழிந்தது. பால். தன்னிடம் ஒரு சொட்டுகூட இல்லாத பால், இன்னொரு தாயிடமிருந்து அவள் கையில் வழிந்துகொண்டிருந்தது.

"குட்டி போட்டவ" என்றாள் மெதுவாக. "குட்டி போட்டவ ஒண்ணும் சொல்லாமப் போக மாட்டா. நீ என்ன செஞ்ச?"

ஈச்சன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். பிறகு சொல்லிவிட்டான்.

பரப்பன் கண்ணை மூடிக்கொண்டான். "பச்சைக் குட்டிய மிளா ஒளிச்சு வச்சிட்டுத்தான் மேயப் போகும்" என்றான். "குட்டிக்கு மணமே இருக்காது. அம்மா வந்து கூப்பிடற வரைக்கும் மூச்சுகூட சத்தமா விடாது. அது எங்கன்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதைத்தான் சொல்ல வந்திருக்கா. நீங்க கேட்டிருந்தீங்கன்னா, தூக்கிட்டுப் போயி அவ கூட்டத்துல விட்டிருப்போம். ஒரு வார்த்தை அத்தான். ஒரே ஒரு வார்த்தை."

மாதி அடுப்பைப் பற்ற வைத்தாள். பதில் வராமல் அந்த மலையில் எரிந்த முதல் அடுப்பு அதுதான். "நான் இதைத் தின்னுதான் ஆகணும். எம் பிள்ளை பொழைக்கணும்" என்றாள். இப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். "ஆனா நீ இதுல ஒரு துண்டுகூடத் தொடாத. போ. போயி அவ பிள்ளையத் தேடு."

ஈச்சன் போனான். ஓடைக்கரையெல்லாம் தேடினான். புல்லை விலக்கினான், புதருக்குள் கையை விட்டான். "குட்டி, குட்டி" என்று கூப்பிட்டான். வழியில் கண்ட விலங்கையெல்லாம் கேட்டான். எல்லாம் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டன. "அவ என்ன சொன்னா?" அவன் நடந்ததைச் சொன்னான். கேட்ட முயல் ஒன்றும் சொல்லாமல் வளைக்குள் போனது. மந்திகள் குட்டிகளை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உச்சிக்கிளைக்கு ஏறின. அதற்குப் பிறகு அவை மனிதனிடம் பேசவே இல்லை.

கடைசியில் அவன் மிளாக் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றான். கூட்டத்தின் மூத்த மிளா அவனைப் பார்த்தது.

"எங்க பிள்ளை சொல்லியனுப்பின சொல்லு எங்க?" என்று கேட்டது.

"அவ தொண்டையிலயே நின்னுபோச்சு" என்றான் ஈச்சன். "நான்தான் நிறுத்தினேன். இந்தக் கையால."

மூத்த மிளா பதில் சொல்ல வாயைத் திறந்தது. பேச்சு வரவில்லை. தொண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, இரத்தம் கசிந்தது. பக்கத்தில் நின்றதற்கும் அப்படியே. அதற்குப் பக்கத்தில் நின்றதற்கும் அப்படியே. எல்லாம் சேர்ந்து கழுத்தை நீட்டிப் பேசப் பார்த்தன. முடிவில் ஒரே ஒரு கூவல்தான் வெளியே வந்தது, பாறையில் எதையோ அறைந்த மாதிரி. ஒளிந்திருக்கும் குட்டியைக் கூப்பிட்ட குரல் அது. ஆனால் அது தாயின் குரல் இல்லையே. குட்டிக்கு அந்தக் குரல் தெரியாது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஈச்சன் அதைக் கண்டுபிடித்தான். உவர்மண் திட்டுக்கு எதிர்ப்புறம், அவன் அம்பு விட்ட பாறைக்குக் கூப்பிடு தூரத்தில், பெரணிச் செடிகளுக்கு அடியில் கிடந்தது. தேடிய நாளெல்லாம் அந்தச் செடிகளை உரசிக்கொண்டுதான் அவன் நடந்திருக்கிறான். அவன் காலடி கேட்கும்போதெல்லாம் அது இன்னும் ஒடுங்கிப் படுத்திருக்கும். நாலு காலையும் மடித்து, கழுத்தைத் தரையோடு நீட்டி, அம்மா படுக்க வைத்த இடத்திலேயே அப்படியே இருந்தது. சொன்ன சொல் தட்டாத பிள்ளை. உயிர் போன பிறகும் அசையவில்லை.

அதை அவன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தான். வீட்டில் மாதிக்குப் பால் ஊறிவிட்டது. குழந்தை பிழைத்துக்கொண்டது, வளர்ந்தது, அதற்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். ஈச்சனும் பிறகு பலமுறை வேட்டைக்குப் போனான், நல்ல வேட்டைக்காரன் என்றே பெயர் எடுத்தான். ஆனால் எந்த விலங்கும் அவனிடம் எதையும் சொல்லிவிட்டுச் சாகவில்லை. மனிதரில் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அன்று முதல்தான் மிளாவின் தொண்டையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த புண் இருக்கிறது, ஆள் வாடை பட்டால் அது ஒரே ஒரு கூவல் கூவுகிறது. அன்று முதல்தான் அந்த மலையில் முதல் வேட்டை அடித்தவன், எத்தனை வயதானவனாக இருந்தாலும், அந்தக் கறியில் ஒரு துண்டையும் தொடுவதில்லை. வீட்டார் சாப்பிடும் நேரத்தில், விலங்கு விழுந்த இடத்துக்குத் திரும்பிப் போய், சுற்றியிருக்கும் புதரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் விலக்கிப் பார்த்துவிட்டு வருகிறான்.