முதலை வாய்க்குக் காவல் போன ஆட்காட்டி

ஆற்றங்கரை மணலில் நாலு முட்டை இட்டிருந்தாள் செம்மூக்கி என்ற ஆட்காட்டிப் பறவை. அந்த முட்டைகளுக்குக் காவல், பக்கத்து மடுவில் கிடந்த முண்டன் என்ற முதலை. அவன் வாயைத் திறந்து கிடந்தால் போதும், முட்டை திருடும் உடும்பு அந்தப் பக்கமே தலைகாட்டாது.

அதற்குக் கைம்மாறும் உண்டு. தினமும் காலையில் ஆட்காட்டிக் கூட்டம் முண்டனின் வாய்க்குள் போகும். பல் இடுக்கில் சிக்கிய இறைச்சித் துணுக்கைக் கொத்தி எடுக்கும். ஈறில் அட்டை ஏறினால் அதையும் பிடித்துவிடும்.

மழை பெய்தது. கரையெல்லாம் கொழுத்த ஈசல்!

"தின்ன ஈசல் இருக்கு. முண்டன் அண்ணன் வாய்க்கு நாம காவல்காரங்க! எச்சில் பொறுக்குறதா நம்ம வேலை? அட்டை வந்தா வரட்டும், அப்போ பார்த்துக்கலாம்!" என்றாள் செம்மூக்கி. வீரம் உள்ளவள்தான். ஆனால் அவள் சொன்னால் கூட்டத்தில் மறுபேச்சு கிடையாது, அதுதான் வினை.

யாரும் முண்டனின் வாய்க்குள் போகவில்லை. பத்தே நாளில் துணுக்குகள் அழுகி, ஈறோரம் கல்லாக இறுகின. அந்தக் கல்லுக்கு அடியில் அட்டைகள் குடியேறின.

"ஐயோ, அட்டை! ஓடி வாங்க!" என்று கத்தினாள் செம்மூக்கி.

ஆட்காட்டிகளுக்கு ஒரு கட்டுப்பாடு. ஒருத்தி கத்தினால், காதில் விழுந்த எல்லாரும் வந்தாக வேண்டும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. இருபது பேர் பறந்து வந்து கொத்தினார்கள். அட்டைகள் கல்லுக்கு அடியில் பதுங்கிக்கொண்டன. கொத்தெல்லாம் ஈறில் விழுந்தது. ரத்தம் வந்தது.

"ரத்தம்! அட்டை கடிச்சிருக்கு! இன்னும் வாங்க!" என்று வந்தவர்கள் கத்தினார்கள். இன்னும் நாற்பது பேர் வந்தார்கள். அது தங்கள் அலகு பட்டு வந்த ரத்தம் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே!

"அம்மணி, வலி தாங்கலை. கொஞ்சம் நிறுத்தச் சொல்லு" என்று முனகினான் முண்டன்.

"பொறுத்துக்குங்கண்ணா! உங்களுக்காகத்தான் உசிரைக் கொடுக்கிறோம்!"

அது பொய்யில்லை. கொத்திக் கொத்திக் களைத்து மூன்று பேர் அங்கேயே விழுந்து செத்தார்கள். பாவம், அந்த உடல்களும் ஈறிலேயே அழுகின. அந்த நாற்றத்துக்கு இன்னும் அட்டைகள் வந்தன. அதைப் பார்த்து இன்னும் கத்தல்!

ஒரு நாள் செம்மூக்கி ஓங்கிக் கொத்தினாள். பொலபொலவென்று முன்பக்கப் பற்களெல்லாம் விழுந்தன. பல் இருந்த குழியிலிருந்து ஒரு அட்டை தலையை நீட்டியது.

"ஏய் திருடா! அண்ணன் பல்லைத் தின்னுட்டியே!"

"கல்லுக்கு அடியில இருந்து ரத்தம் குடிச்சேன், ஒத்துக்கிறேன். ஆனா தாடை எலும்பை நானா தோண்டினேன்? உன் அலகைப் பாரு!" என்றது அட்டை.

செம்மூக்கி பார்த்தாள். அலகு நுனியில் வெள்ளையாக எலும்புத் தூள் ஒட்டியிருந்தது.

"நிறுத்துங்க! எல்லாரும் போயிடுங்க!" என்று கதறினாள்.

என்ன பயன்? கூட்டம் பழகியதெல்லாம் ஒன்றே ஒன்று. சத்தம் கேட்டால் வர வேண்டும். அவள் கதறலைக் கேட்டு இன்னும் பத்துப் பேர்தான் வந்து கொத்தினார்கள்.

அப்போதுதான் செம்மூக்கி வாயை மூடினாள். குனிந்து, இறுகிக் கிடந்த கல்லைத் துளித்துளியாகப் பெயர்த்து எடுத்தாள். பக்கத்தில் நின்றவள் அதைப் பார்த்தாள், அவளும் கத்துவதை விட்டுக் கல்லெடுத்தாள். பிறகு இன்னொருத்தி. ஐந்து நாள் அப்படி நடந்தது. கூச்சல் அடங்கியது. ஒளிய இடமில்லாமல் அட்டைகள் தண்ணீருக்குப் போயின. ஈறும் ஆறியது.

ஆனால் பல்? முதலைக்கு விழுந்த பல் மறுபடி முளைக்கும். முளைக்கத் தாடையில் எலும்பு இருக்க வேண்டுமே!

ஆறாம் நாள் உச்சி வெயிலில் உடும்பு வந்தது. முண்டன் பாய்ந்து கவ்வினான். உடும்பு அவன் பொக்கை வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. "ஓ, இவ்வளவுதானா?" என்று சிரித்தது. அவன் கண் முன்னாலேயே மூன்று முட்டைகளைக் குடித்துவிட்டுப் போனது.

முண்டன் மிஞ்சிய ஒரு முட்டையைச் சுற்றி உடம்பை வளைத்துப் படுத்தான்.

"அம்மணி, இதையாவது காப்பாத்துறேன். நீ என் நல்லதுக்குத்தான் வந்தே, எனக்குத் தெரியும்" என்றான்.

அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. செம்மூக்கி அழுதாள், சத்தமில்லாமல் அழுதாள். மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாக அவன் வாய்க்குள் போய், மிஞ்சிய பற்களின் இடுக்கில் துணுக்குப் பொறுக்கத் தொடங்கினாள்.

அன்றாடம் செய்ய வேண்டிய சின்ன வேலையை இழிவென்று விட்டுவிட்டு, பிறகு நிறுத்தத் தெரியாமல் போரிடும் காவல், பகைவனைவிட அதிகமாய்த் தான் காக்க வந்ததையே அழிக்கும்.