சிலுப்பன் கேட்காத விலை

மருதங்காட்டில் சிலுப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். முதுகில் முந்நூறு முள். அவன் ஒருமுறை சிலிர்த்தால் வானத்தில் போகிற பருந்துகூடப் பயந்து நாலு மலை சுற்றிக்கொண்டு போகும். நம்பாதவர்கள் அந்தப் பருந்தையே விசாரித்துக்கொள்ளலாம்.

அவனுடைய ஒரே மகள் கொழுந்து. இன்னும் முள் முற்றாத குட்டி. ஒருநாள் பாறையிலிருந்து உருண்டு விழுந்து காலை முறித்துக்கொண்டாள்.

காட்டில் எலும்பு சேர்க்கிறவர் புனுகுப்பூனை வைத்தியர். ஏரிக்கரை மரப்பொந்தில் அவருடைய ஆஸ்பத்திரி. காட்டில் காசு ஏது? அவரவர் உடம்பில் விளைவதுதான் கட்டணம். மயிலுக்கு இறகு, முயலுக்கு ரோமம், முள்ளம்பன்றிக்கு முள்.

மகளைத் தூக்கிக்கொண்டு சிலுப்பன் கிளம்பும்போது மனைவி வேலாயி சொன்னாள்: "எல்லாம் சேர்த்து எத்தனை முள் ஆகும்னு முதல்லயே கேட்டுடுங்க. அடுத்த மாசம் தீனிக்குக் கிழங்குச் சரிவுக்குப் போகணும். வழியெல்லாம் செந்நாய். முள் இல்லாம எப்படிப் போறது?"

"பெத்த பொண்ணோட காலுக்கு விலை பேசச் சொல்றியா? உனக்கு நெஞ்சே இல்லையாடி!" என்று சீறிவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரி வாசலில் கணக்குப் பார்க்கிற மைனா உட்கார்ந்திருந்தது. அதன்முன் துத்தி என்ற முயலம்மா நின்றிருந்தாள். அவள் குட்டிக்கும் கால்தான் முறிந்திருந்தது.

"ஏம்மா மைனா, மொத்தமா எவ்வளவு ஆகும்? எதெது கட்டாயம்? எதெது இல்லாமலும் சமாளிக்கலாம்?" என்று துத்தி கேட்டாள்.

சிலுப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன முயலம்மா, கத்திரிக்காயா வாங்க வந்தீங்க? புள்ள வலியில துடிக்குது, பேரம் பேசறீங்களே!"

"பேரம் இல்லண்ணே, தெரிஞ்சுக்கறேன். பனிக்காலம் வருது. என் ரோமமெல்லாம் போயிட்டா இவளை எதால போர்த்தறது?"

பதிலைக் கேட்கச் சிலுப்பனுக்குப் பொறுமையில்லை. அவளை ஒதுக்கிவிட்டு முன்னே பாய்ந்தான். "மைனா! என் பொண்ணுக்கு எல்லாத்தையும் செய்யுங்க! இருக்கறதுலயே நல்ல படுக்கையா போடுங்க! சிலுப்பன் விலை கேக்கற பரம்பரை இல்லை!"

"சரிங்கய்யா" என்றது மைனா.

தேவாங்கு வந்து, தன் பெரிய கண்ணை உருட்டித் தோலுக்குள்ளே எலும்பைப் பார்த்தது. வைத்தியர் எலும்பைச் சேர்த்தார். கொழுந்துக்குப் பஞ்சுப் படுக்கை. தினமும் பச்சிலைக் கட்டு. சிலுப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்து மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். 'என்னைப்போல் அப்பன் உண்டா!' என்று மனசுக்குள் ஒரு பெருமை. துத்தி மறுநாளே குட்டியைக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, "பாவம், கஞ்சத்தனம்!" என்று உச்சுக்கொட்டினான்.

பன்னிரண்டாம் நாள் கொழுந்து எழுந்து நடந்தாள். மைனா கணக்கைச் சொன்னது.

"தேவாங்கு பார்த்தது இருபது முள். எலும்பு சேர்த்தது இருபது. படுக்கை நாளைக்குப் பதினைஞ்சு, கட்டு நாளைக்குப் பத்து. பன்னிரண்டு நாளுக்கு முந்நூறு. ஆக மொத்தம் முந்நூத்தி நாப்பது!"

சிலுப்பன் தன் முதுகைத் திரும்பிப் பார்த்தான். "என்கிட்டே இருக்கறதே முந்நூறுதானே!"

முந்நூறையும் பிடுங்கிக் கொடுத்தான். மிச்சத்துக்கு வேலாயியை வரவழைத்து, அவள் முதுகில் கைவைக்க வேண்டியதாயிற்று. பின்பக்கத்திலிருந்து நாற்பது முள்ளையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். அது அவனுக்கு இன்னும் வலித்தது.

"அந்த முயலம்மா எவ்வளவு கொடுத்தாங்க?" என்று சன்னமாகக் கேட்டான்.

"அறுபத்தஞ்சு கொத்து ரோமம். ஒரே நாள்தான் இருந்தாங்க. மிச்ச நாள் வீட்டிலேயே கட்டு மாத்திக்கிட்டாங்க. பச்சிலை எங்கே முளைக்குதுன்னு நான்தான் காட்டினேன்."

"அப்போ என் பொண்ணும்...?"

வைத்தியர் வெளியே வந்தார். "மறுநாளே கூட்டிட்டுப் போயிருக்கலாமே! கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நல்ல படுக்கை, எல்லாத்தையும் செய்யுங்கன்னு நீங்க சொன்னீங்க. உங்களுக்கு அதுதான் இஷ்டம்னு நினைச்சோம்."

அவர் குரலில் வஞ்சகம் இல்லை. இருந்திருந்தால் சிலுப்பன் அவரையாவது திட்டித் தீர்த்திருப்பான்.

அடுத்த மாதம் மற்ற முள்ளம்பன்றிகள் கிழங்குச் சரிவுக்குப் புறப்பட்டன. சிலுப்பன் வளைக்குள்ளேயே கிடந்தான். உரித்த பனங்கிழங்குபோல வழுவழுவென்று ஒரு முதுகு. புது முள் முளைக்க இன்னொரு மழைக்காலம் ஆகும். வேலாயி தனியாகப் போகிறேன் என்றாள். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறவளைச் செந்நாய் விடுமா? அவன் போகவிடவில்லை. மூவரும் கசக்கிற மரப்பட்டையைத் தின்று நாளைத் தள்ளினார்கள்.

கொழுந்து வளை வாசலில் நொண்டாமல் குதித்துக் காட்டினாள். "அப்பா, கால்தான் நல்லாயிடுச்சே! எல்லாரும் போறாங்க. நாம ஏன் போகலை?"

சிலுப்பன் மரப்பட்டையில் கொஞ்சம் மெத்தென்று இருந்த பக்கத்தைக் கிழித்து மகளிடம் நீட்டினான். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கித் தின்றாள்.

சிகிச்சைக்கு முன்னால் மொத்தச் செலவு எவ்வளவு, எது கட்டாயம், எது வேண்டியதில்லை என்று கேட்பது பாசத்தில் குறை அல்ல, அதுவும் பாசத்தின் கடமைதான்.