எத்தனை வேண்டாம்?

சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டர். சௌந்தரவல்லி டீச்சர் மைக் முன்னால் நின்றிருந்தார். இருபத்தாறு வருஷமாகத் தமிழ் தெரியாத கதாநாயகிகளுக்கெல்லாம் அவர்தான் அழுதுகொண்டிருக்கிறார்.

டைரக்டர் மருதமுத்து உள்ளே வந்தார். உதவி டைரக்டராக இருந்த காலத்தில், உதட்டசைவுக்கு வசனம் பொருத்துவதை டீச்சரிடம்தான் கற்றுக்கொண்டார். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார். இன்னமும் டீச்சர் சொன்னால்தான் உட்காருவார்.

"உட்காரு. என்ன சந்தேகம்?"

"இன்னைக்கு அந்தக் கதவு சாத்தற சீன் டீச்சர். அவ எத்தனை தடவை 'வேண்டாம்'னு சொல்லணும்னு தெரியல."

"நாவல்ல எத்தனை தடவை சொல்றா?"

"நாவல்ல அந்த இடமே மூணு வரிதான். கதவைச் சாத்தறான், அவ வேண்டாங்கறா, மறுநாள் ஊரை விட்டே போயிடறா. அவன் கதையிலயே திரும்ப வரமாட்டான்."

"உங்க சீரியல்ல?"

"ஏழு நிமிஷம். அடுத்த மாசம் அவனே தாலி கட்டறான். அப்புறம் அவளுக்கு அவனைப் பிடிச்சுப்போகுது." மருதமுத்து தலையைச் சொறிந்தார். "அதனால சேனல்ல, பாதிக்கு மேல அவ எதிர்க்கக் கூடாதுங்கறாங்க. நாலு வேண்டாம் இருந்தா அவன் வில்லனாயிடுவானாம். ஒண்ணுமே இல்லேன்னா அவ கெட்டவளாயிடுவாளாம். ரெண்டு போதுமா டீச்சர்?"

நாவலை எழுதிய அம்மாள் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கணக்கைக் கேட்டுச் செருப்பைக் கழற்றியிருப்பார். அவர் செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. மகன் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டான்.

"அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார் டீச்சர்.

"அக்ஷதா. மங்களூர்ப் பக்கம். தமிழ் ஒரு வார்த்தை வராது. வாய்க்கு வந்ததைப் பேசும்மா, டப்பிங்ல பார்த்துக்கலாம்னு சொல்லிட்டேன். ஆனா என்ன நடிப்பு டீச்சர்! ஹீரோ என்ன பண்ணப்போறான்னு அவகிட்ட நான் சொல்லவே இல்ல. அவன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். சொல்லிட்டா நடிப்பாயிடும் இல்லையா?"

"ம்."

"முதல் டேக்ல ஒரே கத்தல். ரெண்டாவது டேக்ல அப்படியே அடங்கிட்டா. பார்த்துட்டு சேனல் மேடம் கையைத் தட்டினாங்க. சம்மதம் மாதிரியே இருக்குன்னாங்க."

டீச்சர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியரைப் பார்த்தார்.

"ஜெபராஜ், முதல் டேக்கைப் போடு. பைலட்டைத் திறந்துவை."

பைலட் என்பது படப்பிடிப்பில் பதிவான அசல் சத்தம். டப்பிங் பேசும்போது அதை மூடிவைப்பதுதான் வழக்கம். வேற்று மொழி காதில் விழுந்தால் நாக்கு குழறும் என்று டீச்சரே எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"எதுக்கு டீச்சர்? கன்னடமோ என்னமோ."

"மங்களூர்ப் பக்கம்னா கன்னடம் இல்ல. துளு."

டீச்சர் பத்து வயது வரை வளர்ந்தது மங்களூரில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மருதமுத்துவுக்கு இது தெரியாது. அவர் கேட்டதும் இல்லை.

டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு முறை முழுக்கக் கேட்டார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மறுபடி ஓடவிடச் சொன்னார். இந்த முறை மைக்கில் பேசினார். கத்தவில்லை, அழவில்லை. அந்தப் பெண்ணின் உதடு அசைந்தபோது பேசினார், நின்றபோது நிறுத்தினார்.

"கையை எடு. ரிகர்சல்ல இது இல்லையே... ஐயோ, அங்க வேண்டாம். நிஜமாவே சொல்றேன். சார், இவனை நிறுத்தச் சொல்லுங்க. சார், நான் நடிக்கல. சார்!"

மருதமுத்து எழுந்தே நின்றுவிட்டார்.

"எப்படி டீச்சர்! உதட்டுக்கு அப்படியே ஒட்டுது. நான் ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டேன். இந்த வசனத்தை எப்ப எழுதினீங்க?"

"நான் எழுதல."

"பின்னே?"

"அவ பேசினது."

மருதமுத்து திரையைப் பார்த்தார். அதில் அக்ஷதாவின் வாய் திறந்தபடி நின்றிருந்தது. பிறகு வெளியே போய் சேனலுக்குப் போன் போட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவர் பேசியதெல்லாம் உள்ளே கேட்டது.

"மேடம், அந்தப் பொண்ணு நிஜமாவே வேண்டாம்னு சொல்லியிருக்கா... இல்ல மேடம், கேரக்டர் இல்ல, அந்தப் பொண்ணு... ஆமா, ப்ரோமோ காலையிலேர்ந்து ஓடுது, தெரியும்... சரி மேடம்... சரிங்க மேடம்."

திரும்பி வந்தவர் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பேச்சுதானே பிரச்சினை, அவ பேசாத ரெண்டாவது டேக்கையே முழுசாப் போடுங்கங்கறாங்க. இன்னும் அழகா இருக்குமாம். சாயங்காலம் ஏழரைக்குப் போயாகணும்."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

டீச்சர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஜெபராஜ் உள்ளே எட்டிப் பார்த்து, "அப்போ டப்பிங் வேண்டாமா சார்?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லாததால் அவனே ரெண்டாவது டேக்கை எடுத்துக் கோத்தான். அதில் அக்ஷதா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இசையமைப்பாளர் அனுப்பியிருந்த புல்லாங்குழல் அதன்மேல் ஏறியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

"முன்னாடி நீங்க பேசின படங்கள்லயும் இப்படி இருந்திருக்குமா டீச்சர்?"

"தெரியாது. பைலட்டை மூடிட்டுத்தானே பேசினேன்."

ஃபைல் சேனலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஜெபராஜ் சொன்னான். மருதமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை டீச்சர் சொல்லாமலே உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல டீச்சர். எனக்கும் பொண்ணு இருக்கா. செட்ல நான் மானிட்டர் முன்னாடிதானே உட்கார்ந்திருந்தேன், பத்தடி தூரத்துல. அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஹீரோவை அவ எப்படிக் கூப்பிடுவா?"

"பேர் சொல்லித்தான்."

"செட்ல 'சார்' யாரு?"

மருதமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு தடவை கூப்பிட்டா" என்றார் டீச்சர். "நீ 'ஒன் மோர்'னு சொன்னே."