கழுகும் கோட்டை வாசலும்

துபாஷி திருமேனிக்குப் பல மொழிகள் தெரியும். ‘தெரியாது’ என்று சொல்ல மட்டும் வராது. அதுதான் அவரை மாட்டிவிட்டது.

சீமையிலிருந்து வந்த வெள்ளிக்காசு ஒன்றை அரசர் சபையில் நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒரு கோட்டை வாசல், அதன்மேல் கழுகு, சுற்றிலும் லத்தீன். திருமேனிக்கு லத்தீனில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் சபையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததே! படத்திலிருந்த வாசலைப் பார்த்தார், வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார்.

“பசித்து வருபவனுக்கு எங்கள் கதவு திறந்திருக்கும்.”

அரசர் சொக்கிப்போனார். அந்த நாட்டுத் தூதர் வரட்டும், அவர் வாயாலும் கேட்போம் என்றார். தூதரின் கப்பல் இன்று காலை துறைக்கு வந்துவிட்டது. பொய்யாக மொழிபெயர்த்தவனை அரசர் நாடு கடத்திவிடுவார்.

திருமேனி தன் குரு நாகம்மையின் மடத்துக்கு ஓடினார். உள்ளே நுழைந்ததும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நடந்ததையெல்லாம் கொட்டினார். அந்நேரம் பார்த்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

“அம்மா, ஒரு வாய் கஞ்சி.”

அது காவலரின் தந்திரமாக இருக்கும், திறக்க வேண்டாம் என்று திருமேனி கையெடுத்துக் கும்பிட்டார். தட்டும் சத்தம் நின்றது.

“நான் என்ன செய்வது தாயே?”

“போய் உள்ளதைச் சொல்” என்றார் நாகம்மை.

போனார். அவர் வாயைத் திறக்குமுன் அரசர் தூதரிடம் காசை நீட்டிவிட்டார். தூதர் அசடு வழிந்தார். லத்தீனெல்லாம் எங்கள் ஊர்ப் பாதிரிமாருக்குத்தான் தெரியும், நான் காசைச் செலவழித்ததோடு சரி என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று திருமேனியிடமே கேட்டார். திருமேனி பழைய பாட்டையே பாடினார். எங்கள் முன்னோர்கள் இவ்வளவு பெரிய மனசுக்காரர்களா என்று தூதர் கண் கலங்கினார்.

போன உயிர் திரும்பி வந்தது திருமேனிக்கு. மடத்துக்குத் திரும்பியவர், காலையில் போட்டது போலவே தாழ்ப்பாளைப் போட்டார். நாகம்மை கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். திருமேனி சப்பணமிட்டு உட்கார்ந்து, சிரிக்கச் சிரிக்க எல்லாவற்றையும் சொன்னார்.

“அது கிடக்கட்டும் தாயே. நிஜமாகவே அந்தக் காசில் என்னதான் எழுதியிருக்கும்?”

வெளியே கதவு தட்டப்பட்டது. காலையில் கேட்ட அதே குரல், கொஞ்சம் சன்னமாக.

“அதைத்தான் நீ ஊரறியச் சொல்லியாயிற்றே” என்றார் நாகம்மை. “எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடு.”