கருப்பி மேய்ந்த செம்பருத்தி

குன்றையூர் ராஜா வீரகேசரிக்குப் பெண்டாட்டி பிள்ளைகளைவிடப் பிரியமானது ஒரு செம்பருத்திச் செடி. பட்டாபிஷேகத்தன்று அவரே தன் கையால் நட்டது. நட்ட கையோடு தண்டோராவும் போட்டுவிட்டார்: இதில் ஒரு கிளையை எவன் வெட்டினாலும் அவன் கையை வெட்டிவிடுவோம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவர்.

வெட்டுப்படாத செடி இலையும் தழையுமாகப் புதர் மண்டிப் போயிற்று. பூ மட்டும் இல்லை. மகாராணியோ, வரும் நவராத்திரிக்கு அம்மனுக்கு இந்தச் செடியின் பூவில்தான் மாலை என்று வேண்டிக்கொண்டுவிட்டாள்.

ராஜா தோட்டக்காரன் மூக்கனைக் கூப்பிட்டு, நவராத்திரிக்குள் பூக்காவிட்டால் குடும்பத்தோடு ஊரைக் காலி செய் என்றார். இந்த யோசனையை அவர் காதில் ஓதியவர் அமைச்சர் நஞ்சப்பர். அவருடைய மருமகன் கல்யாணமான நாளாக வேலைவெட்டி இல்லாமல் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூக்கன் போனால் அந்த இடத்தில் அவனைத் தள்ளிவிடலாம் என்பது அவர் கணக்கு.

அரண்மனை விதூஷகன் பிச்சாண்டியால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மூக்கன் அவன் கூடப்பிறந்த தங்கையின் புருஷன். தங்கை வந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போயிருந்தாள். செம்பருத்தியைக் கழித்துவிட்டால் புதுத் துளிர் வரும், துளிரில்தான் மொட்டு வரும் என்பது பிச்சாண்டிக்குத் தெரியும். அவன் வீட்டு வேலிச் செம்பருத்தியை அவனுடைய ஆடு கருப்பி வருஷம் தவறாமல் மொட்டையடிக்கும். அப்புறம் பார்த்தால் வேலியெல்லாம் சிவப்பாக இருக்கும். இதை ராஜாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தான்.

"நான் பெற்ற பிள்ளை மாதிரி அது. அதன்மேல் கத்தி படலாமா?" என்றார் ராஜா. அப்போது அவருக்கு முகச்சவரம் நடந்துகொண்டிருந்தது.

ஆடி பிறந்ததும் பிச்சாண்டி கருப்பியோடு அரண்மனைக்கு வந்தான். அதைச் செம்பருத்தியில் கட்டிவிட்டு, உள்ளே போய் ராஜாவைக் கும்பிட்டான். அன்றைக்கென்று அவனுக்குப் பேச நிறைய விஷயம் இருந்தது. பேசி முடித்து எல்லோரும் வெளியே வந்தபோது செடியில் குச்சிகள்தான் மிச்சம். கருப்பி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ராஜா உறுமினார். ஆட்டின் கையை வெட்டலாம் என்றால் அதற்கு நாலுமே காலாக இருந்தது. பிச்சாண்டி பணிவாக ஒரு வழி சொன்னான். நவராத்திரி வரை ஆட்டைச் சிறையில் வைக்கட்டும். செடி பட்டுப்போனால் ஆட்டைக் குழம்பு வைத்துவிட்டு, மூக்கனோடு தன்னையும் நாடு கடத்தட்டும். ராஜா சரி என்றார். அதன்பிறகு பிச்சாண்டிக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

ஆவணியில் துளிர்த்துத் தழைத்த செடி புரட்டாசியில் மொட்டு விட்டது. நவராத்திரி முதல் நாள் காலையில் பார்த்தால், இலை தெரியாமல் பூ. மகாராணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைப் பூக்க வைத்தவருக்குப் பல்லக்கும் தோட்ட அதிகாரி பதவியும் என்று சபையில் அறிவித்தார் ராஜா.

நஞ்சப்பர் உடனே எழுந்தார். அத்தனைக்கும் காரணம் தன் மருமகன்தான் என்றார். ஆடு வருவதற்கு முன்பே கிளைகளையெல்லாம் அவன்தான் பக்குவமாக நறுக்கியிருந்தான், ஆடு வெறுமே கீழே கிடந்த தழையைத் தின்றது, அவ்வளவுதான் என்றார். மருமகனும் தலையாட்டினான்.

ராஜா பிச்சாண்டியைப் பார்த்தார்.

"அமைச்சர் பொய் சொல்வாரா, மகாராஜா? வெட்டியவர் அவர் மருமகன்தான்," என்றான் பிச்சாண்டி. "பல்லக்கு வரட்டும். அதற்கு முன்னால் அந்தத் தண்டோராப்படி ஒரு அரிவாளும் வரட்டும்."

மருமகன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

நஞ்சப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மகாராஜா, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மேய்ந்தது ஆடுதான். நானே என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. மூக்கனின் வேலை மூக்கனுக்கே நிலைத்தது. பல்லக்கும் பதவியும் சொன்ன சொல் தவறாமல் கருப்பிக்குப் போயின. பதவியேற்பன்று நஞ்சப்பர் கையாலேயே செம்பருத்தி மாலை போடச் சொன்னார்கள். புது அதிகாரி மாலையைத் தின்றுவிட்டது.