கற்பனை என்று ஒரு வார்த்தை

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு மலை ஊரில் மேபல் ஹார்க்கர் என்ற ஆங்கில நாவலாசிரியை இருந்தார். ஊரில் பாதிப் பேர் அவரை மிஸ்ஸியம்மா என்று கூப்பிட்டார்கள். மீதிப் பேர் அவரைக் கூப்பிடுவதே இல்லை.

அவருடைய அப்பா அங்கே தோட்டத்துத் துரையாக இருந்தவர். அந்த அப்பாவைப் பற்றித்தான் அவர் நாவல் எழுதினார். துரையின் நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. தோட்டத்து ஜீப் நாயை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு இறங்குகிறது. அதே நாள் தொழிலாளர்களின் லைன் வீட்டில், கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் பெண் குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது. வண்டி இல்லை. குழந்தை இறந்துபோகிறது. நாய் பிழைத்துத் திரும்பி வருகிறது.

அப்பன் கல்லறையில் துப்பிய மகள் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. கூடப் பிறந்த அண்ணன் உறவை முறித்துக்கொண்டார். மலையில் மிச்சமிருந்த வெள்ளைக்காரர்கள் கிளப்பில் கூடிப் புத்தகத்தை நெருப்பில் போட்டார்கள். உள்ளூர்க் கிறிஸ்தவச் சபை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததே காரணம்.

பிறகு தெபோராள் அதைத் தமிழில் எழுதினார்.

தெபோராள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். மிஸ்ஸியம்மாவைவிட மூத்தவர். எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு வந்து அவரோடு தங்கிவிட்டார். யார் சிரித்தாலும் அவரைத் தன் குரு என்றே சொல்வார்.

தமிழ்ப் புத்தகம் லைன் வீடுகளுக்குப் போனது. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். அப்போதுதான் சபைக்குக் கோபம் வந்தது. கோயில் சுவரில் துரையின் பெயர் சலவைக்கல்லில் இருந்தது. கோயில் கூரைக்கு வருஷம் தவறாமல் பணம் கொடுப்பது தோட்டக் கம்பெனி. மிஸ்ஸியம்மா குடியிருந்த வீடும் சபைக்குச் சொந்தமானது.

சபைச் செயலாளர் சோதிநாயகம் வீட்டுக்கு வந்தார். தோட்டத்து ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"புத்தகத்தக் கிழிச்சுப் போடச் சொல்லல மிஸ்ஸியம்மா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் எழுந்து நின்னு, நான் எழுதினது பூரா கற்பனைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்க ஆயுசுக்கும் இந்த வீடு உங்களுக்குத்தான்."

"சொல்லலேன்னா?"

"ரிப்பேர் வேலை இருக்கு. காலி பண்ண வேண்டியிருக்கும்."

"நான் வந்த நாள்லேர்ந்து ஒழுகுது. இப்பதான் ரிப்பேரா?"

"எல்லாத்துக்கும் கர்த்தர் ஒரு நேரம் வச்சிருக்கார்."

கொடுத்த காபியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் தெபோராள் வெடித்தார்.

"சொல்லித் தொலைச்சிருங்களேன்! நாவல்னாலே கற்பனைதானே? ஊர்ல யாரு அத நம்பப் போறா, நம்பாமப் போறா? ஒரு வார்த்தை. அதுக்காக நான் தம்பி வீட்டுக்குப் போய் அவன் பொண்டாட்டி போடற சோத்த வாங்கித் திங்கணுமா?"

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண் இன்னொருத்தியின் அடுப்படியில் போய் நிற்பது எப்படியிருக்கும் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். தெபோராள் ஏற்கெனவே ஒரு முறை நின்றவர்.

மிஸ்ஸியம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"சரி, சொல்றேன்."

தெபோராளுக்கு நம்பிக்கை வரவில்லை. "நிஜமாவா?"

"ஆனா எனக்கு முன்னால நீ சொல்லிப் பாரு. சீனித்தாய்கிட்டப் போ. புத்தகத்துல இருக்கறது கற்பனைன்னு அவகிட்டச் சொல்லு. அவ சரின்னு சொன்னா, நானும் கோயில்ல சொல்றேன்."

நாவலில் குழந்தையைப் பறிகொடுத்தவள் சீனித்தாய்தான். புத்தகத்தில் வேறு பெயர். லைன் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

"இது என்ன விளையாட்டு?" என்றார் தெபோராள்.

"ஒரு வார்த்தைதானே. போய்ட்டு வா."

சீனித்தாய் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க டீச்சரம்மா. புத்தகத்துல இன்னும் ஏதாச்சும் எழுதாம விட்டுப்போச்சா?"

தெபோராள் மழையைப் பற்றிப் பேசினார். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"அந்தப் புத்தகத்துல இருக்கறது பூரா கற்பனைன்னு மிஸ்ஸியம்மா சொல்லணுமாம். இல்லேன்னா வீடு போயிரும். சொன்னா உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

அரிவாள் நின்றது.

"எது கற்பனை? எம் பிள்ள செல்லக்கிளியா?"

"பிள்ளையச் சொல்லல சீனித்தாயி. அந்த ஜீப்பு..."

"ஓகோ. பிள்ள செத்தது நிசம், ஜீப்பு மட்டும் பொய். அப்ப எம் பிள்ளையக் கொன்னது யாரு? நானா?"

தெபோராள் சிதறிக் கிடந்த விறகுச் சிராய்களைக் காலால் ஒதுக்கினார்.

"இந்தச் சோதிநாயகம்தான் ஆபீசு வாசல்ல நின்னான். வண்டி கீழ போயிருக்கு, கசாயம் வச்சுக் குடு போன்னான். பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே இறங்கினேன். பாதி வழியில தோள்ல கிடந்த சூடு ஆறிப்போச்சு. கொண்ட ஊசி வளைவுல எதுக்கால வருது ஜீப்பு. முன் சீட்டுல நாய். கம்பளி போத்தி உக்கார வச்சிருந்தாங்க. இத எழுதினாளா உங்க மிஸ்ஸி?"

"எழுதல."

"எப்படி எழுதுவா? என்னையக் கேட்டாத்தானே தெரியும்! எழுதறப்ப கேக்கல. எம் வீட்டுச் சாவத் தூக்கிட்டுப் போய்ச் சீமையில வித்தா. இப்ப அழிக்கறதுக்கு மட்டும் என் சம்மதம் வேணுமா அவளுக்கு?"

"நான் போய் என்ன சொல்ல?"

"ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்கு வர்றேன்னு சொல்லுங்க. கற்பனைன்னு சொல்றவ எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

அடுத்த கட்டையின் மேல் அரிவாள் இறங்கியது. தெபோராள் திரும்பி நடந்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கொண்டை ஊசி வளைவு, கம்பளி, முன் சீட்டு, சீமையில் விற்றது. மிஸ்ஸியம்மாவின் முகம் கழுத்துவரை சிவந்தது.

"இவளுக்காக எழுதி நீங்க ஊரைப் பகைச்சுக்கிட்டீங்க," என்றார் தெபோராள். "அவ பேச்சப் பாத்தீங்களா? கொஞ்சமாவது நன்றி..."

"வாயை மூடு!"

மிஸ்ஸியம்மா கத்துவதைத் தெபோராள் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டார்.

"நன்றியா? எதுக்கு? அவ சொன்னதுல ஒரு வார்த்தை தப்புன்னு காட்டு பார்ப்போம்."

தெபோராள் கேட்டார். "அப்ப ஞாயித்துக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

மிஸ்ஸியம்மா கூரை ஒழுகும் இடத்துக்கு வாளியை நகர்த்தி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. முன் வரிசையில் சோதிநாயகம். பெரிய வாசலில், செருப்பை வெளியே விட்டுவிட்டு, சீனித்தாய் நின்றாள். அவள் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

மிஸ்ஸியம்மா எழுந்தார்.

"நான் எங்கப்பாவோட பங்களா ஜன்னல்லேர்ந்து பார்த்ததை எழுதினேன். அது கற்பனையான்னு என்னைக் கேக்கறீங்க. பிள்ளையைத் தூக்கிட்டு நடந்தவங்க அதோ நிக்கறாங்க. நான் எழுதறதுக்கு முன்னாடி அவங்களக் கேட்டதில்ல. நீங்களாவது கேளுங்க. கற்பனைன்னு அவங்க சொன்னா, நானும் சொல்லிட்டு உக்கார்றேன்."

எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சோதிநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"கேளுய்யா சோதிநாயகம்," என்றாள் சீனித்தாய். குரல் மேற்கூரைவரை போனது. "எதுக்குப் பக்கத்தப் புரட்டற? அன்னிக்கு நான் உன் வாசல்ல வந்து கேட்டேன்ல. இன்னிக்கு நீ கேளு."

சோதிநாயகம் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆசீர்வாதம் கூறியாச்சு. எல்லாரும் போகலாம்," என்றார்.

பெரிய வாசலில் சீனித்தாய் நின்றதால் எல்லாரும் பக்கக் கதவு வழியாகப் போனார்கள். நெரிசலில் ஒரு குழந்தை அழுதது. கோயில் காலியானதும் சீனித்தாய் மிஸ்ஸியம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் ஒரு துளியும் குறையவில்லை.

"நாய் முன் சீட்டுல இருந்துச்சு," என்றாள். "எழுதறதுன்னா ஒழுங்கா எழுது."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி மறுநாளே ஆள் வந்தது. தெபோராள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினார். கட்டும்போது ஒவ்வொன்றையும் தரையில் இடித்தார்.

"ஒருத்தர்... ஒருத்தர்கூட அவகிட்ட வாய் திறந்து கேக்கல. கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பா, அதுக்காவது வீடு போச்சுன்னு மனசைத் தேத்திக்கலாம். இப்ப வீடும் போச்சு. கடைத்தெருவுல இன்னமும் அது கற்பனைன்னுதான் பேசிக்கறாங்க. எதுக்காக இதெல்லாம், சொல்லுங்க?"

மிஸ்ஸியம்மா சாக்கின் வாயைப் பிடித்து முடிச்சை இறுக்கினார்.

"கற்பனையா இருந்திருந்தா கேட்டிருப்பாங்க, தெபோராள்."