கோடன் மூக்கை மூடிய இரவு

அந்தக் காலத்தில் விலங்குகளும் மனிதர்களும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். அப்போது மனிதனின் மூக்கு தூங்காது. கண் மூடும், காது மந்தமாகும், மூக்கு மட்டும் இரவெல்லாம் விழித்திருக்கும். வாய் தின்பதற்கும் பேசுவதற்கும் மட்டும்தான். வாயால் மூச்சு விட ஒருவருக்கும் தெரியாது.

சாவுக்கு அன்று ஒரு வாசனை உண்டு. ஒருவர் உயிர் பிரியப் போகிறது என்றால், மழை படாத மண்ணை முதன்முதலாகக் கிளறியது போல ஒரு வாசனை அவர் உடம்பிலிருந்து கிளம்பும். எவ்வளவு அயர்ந்து தூங்கினாலும் சொந்தக்காரர்கள் எழுந்துவிடுவார்கள். தலையை மடியில் எடுத்துவைத்து வாயில் தண்ணீர் விடுவார்கள். அதனால் அந்தக் காலத்தில் யாரும் தனியாகச் சாகவில்லை.

மலையடிவாரத்தில் பொம்மன், கோடன் என்று அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். தாய் தகப்பன் போன பிறகு பொம்மன்தான் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவன். தனக்கென்று பெண் தேடாமல் தம்பிக்கு நஞ்சியைக் கட்டிவைத்தான். மூவரும் ஒரே குடிசையில் இருந்தார்கள்.

ஒருநாள் கிழங்கு தோண்டப் போன இடத்தில் காட்டுப்பன்றி பொம்மனின் தொடையைக் கிழித்துவிட்டது. புண் ஆறவில்லை. சீழ் பிடித்து அழுக ஆரம்பித்தது. இன்று நமக்கு எட்டும் நாற்றத்தைப் போலப் பல மடங்கு அன்றைய மூக்குக்கு எட்டும். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

நஞ்சி பல்லைக் கடித்துக்கொண்டு புண்ணைக் கழுவினாள். கோடனால் முடியவில்லை. அண்ணனுக்குக் கஞ்சி ஊட்ட உட்காருவான், பாதியில் எழுந்து வெளியே ஓடி வாந்தி எடுப்பான். திரும்பி வரும்போது பொம்மன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான். இரவில் அந்த நாற்றம் கோடனைத் தூங்கவும் விடவில்லை. நாளாக ஆக அவன் கண்கள் குழி விழுந்துவிட்டன.

ஒருநாள் விறகுக்குப் போனபோது, ஒரு பெண் கரடி புற்றை உடைத்துக் கறையான் உறிஞ்சிக்கொண்டிருந்ததைக் கோடன் பார்த்தான். புழுதி பறந்தது, கறையான்கள் அதன் முகமெல்லாம் ஏறின. ஒன்றுகூட மூக்குக்குள் போகவில்லை. கரடி மூக்கை இறுக மூடிக்கொண்டு வாயாலேயே மூச்சு வாங்கியது.

"அக்கா, அது எப்படி மூடுறே?" என்று கேட்டான்.

"உள்ளே சதை இருக்குது. நான் சொன்னா வீங்கி அடைச்சுக்கும், சொன்னா வத்திப்போகும்" என்றது கரடி.

"எனக்கும் சொல்லிக்குடு."

"நீ கறையான் திங்கிறதில்லையே. உனக்கு எதுக்கு?"

கோடன் அண்ணனைப் பற்றிச் சொன்னான். கரடி புற்றை விட்டு விலகியது. பிறகு அவன் அருகில் வந்து, அவன் மூக்குத் துளைகளில் தன் மூச்சை மெல்ல ஊதியது. உள்ளே ஏதோ சூடாகப் புடைப்பது அவனுக்குத் தெரிந்தது. மூச்சு முட்டியதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உட்கார்ந்திருக்கிறப்போ மூடிக்கோ. தலையைச் சாய்க்கிறதுக்கு முன்னால திறந்துரு" என்றது கரடி. "தூக்கத்துல சதை உன் பேச்சைக் கேக்காது. அது பாட்டுக்குப் பழகிக்கும்."

அன்று மாலை கோடன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி முழுவதையும் ஊட்டினான். முகம் சுளிக்கவில்லை. பொம்மன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நாத்தம் அடிக்கலையா?"

"இல்லண்ணே."

அது பொய் இல்லை. அவனுக்கு எதுவும் அடிக்கவில்லை.

"அப்போ புண்ணு ஆறுது போல" என்றான் பொம்மன். பல நாட்களுக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. கோடன் கலயத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

பின்னாலேயே வந்த நஞ்சி, "என்ன பண்ணிக்கிட்டு வந்தே?" என்று கேட்டாள். அவன் சொன்னான்.

"அண்ணனுக்கு அந்த வாசனை வந்துச்சுன்னா?"

"நீ இருக்கியே."

"நான் நாளைக்கு மேல்மலைக்குப் போறேன். புண்ணுக்குப் பச்சிலை அங்கேதான் இருக்குதுன்னு சொல்றாங்க. இருட்டுறதுக்குள்ள இறங்க முடியாது, அங்கேயே குகையில தங்கணும். நான் வர்ற வரைக்கும் மூக்கை மூடிக்கிட்டுப் படுத்துறாதே."

"மாட்டேன்" என்றான் கோடன். அப்போது அவன் அதை மனதாரத்தான் சொன்னான்.

மறுநாள் நஞ்சி போனாள். இருட்டியதும் பொம்மனுக்குக் காய்ச்சல் ஏறியது. தண்ணீர் கேட்டான், கோடன் கொடுத்தான். போர்வை கேட்டான், போர்த்திவிட்டான். அண்ணன் கண் அசந்ததும் கோடனும் தலையைச் சாய்த்தான். உடனே நாற்றம் நெஞ்சை அடைத்தது. எழுந்து உட்கார்ந்தான். மறுபடி படுத்தான், மறுபடி எழுந்தான். எத்தனையோ இரவுகள் தூங்காத உடம்பு அது. கொஞ்ச நேரம் மட்டும், அண்ணன் கூப்பிட்டால் காது கேட்காதா என்று நினைத்துக்கொண்டு மூக்கை மூடினான்.

தூக்கம் அவனை அடித்துப்போட்டது. வாய் பிளந்தது. வாய்வழியே போய் வந்த மூச்சு தொண்டையில் முட்டி மோதி, கல்லில் மரத்தை இழுப்பது போலச் சத்தம் போட்டது. உலகத்தில் முதன்முதலாக ஒரு மனிதன் குறட்டை விட்டான். அந்தச் சத்தத்தில் அவன் காதில் வேறு எதுவும் விழவில்லை.

விடியும்போது விழித்தான். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டியிருந்தது. உதடு வெடித்து, தொண்டை புழுதியாகக் காய்ந்திருந்தது. பக்கத்துப் பாயில் அண்ணன் இல்லை.

பொம்மன் தண்ணீர்க் குடுக்கை வரைக்கும் ஊர்ந்து போயிருந்தான். கை அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கம் கிடந்தது. உடம்பு விறைத்திருந்தது. எறும்புகள் வந்துவிட்டன.

கோடன் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நஞ்சி வந்து சேர்ந்தாள். முழங்கால் இரண்டும் சிராய்த்து ரத்தமாக இருந்தது. மடியில் பச்சிலை இருந்தது.

"குகையில தூங்கிக்கிட்டிருந்தேன். காத்து அந்த வாசனையைக் கொண்டாந்துச்சு" என்றாள். "இருட்டுல விழுந்து எழுந்து ஓடியாந்தேன். ஒரு மலைக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிஞ்சுது. நீ பக்கத்துல படுத்திருந்தே."

கோடன் மூக்கைத் திறக்கப் பார்த்தான். சதை வற்றவில்லை. அண்ணனைப் புதைத்தபோது கிளறிய மண்ணின் வாசனைகூட அவனுக்கு வரவில்லை. நேராகக் கரடியிடம் போனான்.

"திறந்துவிடு அக்கா."

கரடி அவன் மூக்குக்குள் பார்த்தது. "சதை கத்துக்கிச்சு" என்றது. "கத்துக்குடுக்கத்தான் எனக்குத் தெரியும், மறக்கடிக்கத் தெரியாது. பகல்ல, நீ நிமிர்ந்திருக்கிறப்போ கொஞ்சம் வழி விடும். சாஞ்சா அடைச்சுக்கும். ஒரு பக்கமாப் புரண்டு படுத்தா மேல் துளை கொஞ்சம் திறக்கும். அவ்வளவுதான்."

"என் பிள்ளைகளுக்கு?"

"உன் சதைதானே அவங்களுக்கும்."

அப்படியே ஆயிற்று. கோடனின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மழுங்கிய மூக்கோடு பிறந்தார்கள். சிலருக்குக் கொஞ்சமாக, சிலருக்கு முழுவதுமாக. ஓடைக்கு அந்தப் பக்கத்தவர்கள் அவர்களில் பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். சாவின் வாசனை என்று ஒன்று இருந்ததே பிறகு எல்லோருக்கும் மறந்துபோனது.

நஞ்சி கோடனை விட்டுப் போகவில்லை. அண்ணனைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை. ஆனால் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. வாசனை சொல்லாத வீட்டில் காதுதான் காவல் என்று ஆகிவிட்டது. அவன் குறட்டை ஓடிக்கொண்டிருக்கும் வரை படுத்திருப்பாள். அது அறுந்தால் எழுந்து உட்கார்ந்து அவன் மார்பில் கை வைப்பாள்.

மனிதன் படுத்ததும் மூக்கு அடைத்துக்கொள்வதும், அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கி, தொண்டை காய்ந்து எழுவதும் அந்த நாளிலிருந்துதான். ஓடிக்கொண்டிருக்கும் குறட்டை சட்டென்று நின்றால், பக்கத்தில் படுத்திருப்பவர் விழித்துக்கொண்டு, அடுத்த மூச்சு வரும்வரை இருட்டில் காத்திருப்பதும் அன்று தொடங்கியதுதான்.